கட்டுகஸ்தோட்டைத் துறை வரைக்கும் ஒத்தடம்

ஐப்பசி மழை விடாத ஒரு காலையில் மாத்தளையிலிருந்து புறப்பட்டேன். கண்டிக்குப் பதினாறு மைல் கட்டை. வண்டிக்கூலி நாலு சிலிங். வண்டிக்காரர் அக்குறணை முஸ்லிம், நானா என்று கூப்பிடுவோம்; ஒரு பென்னியும் குறைக்க மறுத்துவிட்டார். வத்தேகமப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் எனக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருந்தது. மலைநாட்டுக் குளிரை நினைத்து யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் என்மேல் பொறாமைப்பட வேண்டாம். ஈர வேட்டியோடு கல்ரோட்டில் குலுங்கிப் போகிறவனுக்கு அந்தக் குளிரால் ஒரு சுகமும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு வந்த வழியில், வன்னிக் காட்டைத் தாண்டுவதற்குள்ளேயே என் இடுப்பு கழன்றுவிட்டது.

பொழுது நன்றாக ஏறிய பிறகு அலவத்துகொடை வந்தோம். வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, நானா எனக்கு ஒத்தடம் கொடுக்க ஆயத்தமானார். மணலையும் ஒரு கை உப்பையும் மண்சட்டியில் வறுத்து, பழந்துணியில் பொட்டணமாகக் கட்டி, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு என் இடுப்பில் அமர்த்தினார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அதே அடுப்பில் இன்னொரு பொட்டணமும் சூடாகிக்கொண்டிருந்தது. அது செல்லாயி என்ற பெண்ணுடையது. மன்னாரில் கரையேறிக் கால்நடையாகவே பன்வில பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் கூட்டத்தில் வந்தவள். அவள் புருஷன் கருப்பன் மூலையில் சுருண்டு கிடந்தான். இரவு முழுவதும் வயிற்றோட்டம், காலையிலிருந்து கெண்டைக்கால் பிடிப்பு.

"நடந்த வலிதாங்க ஐயா. சூடு பட்டா சரியாயிரும்," என்றாள், நான் கேட்காமலே.

அது நடந்த வலி இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பேதியில் கால் பிடித்து இழுத்து, பிறகு சில்லிட்டுப் போனால் ஆள் தேறுவது அரிது.

கூட்டத்தை நடத்தி வந்த கங்காணி வந்து, குனிந்து கருப்பனின் உள்ளங்காலைத் தொட்டார்.

"சூடு இருக்கு. இருக்கற வரைக்கும் கூட்டிட்டுப் போவோம். சில்லுனு ஆயிருச்சுன்னா அங்கனயே விட்டுற வேண்டியதுதான். ஆத்துத் துறையில காவக்காரனுக்குப் பேதின்னு தெரிஞ்சா நம்ம எல்லாரையும் மறிச்சுப் போட்டுருவான் புள்ள," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

செல்லாயி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "வண்டியில ஏத்திக்கங்க ஐயா. கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும்."

நோய் எனக்கும் ஒட்டிவிடும் என்று பயந்தேன். பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். வண்டிக்கார நானாதான் என் மூட்டையை ஒதுக்கினார். "ஏத்துங்க. அல்லா பாத்துக்குவான்," என்றார்.

சட்டி நிறைய அடுப்புக் கங்குகளை அள்ளிக்கொண்டு அவளும் ஏறினாள். ஒரு பொட்டணம் காலில் இருக்கும்போது மற்றது கங்கின்மேல் சூடேற வேண்டும் என்று என்னுடையதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டம் வண்டிக்குப் பின்னால் மழையில் நடந்து வந்தது. உள்ளங்கால், கெண்டைக்கால், மறுபடி உள்ளங்கால் என்று அவள் கை ஓயவில்லை.

அக்குறணைக்கு இப்பால் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. சரிந்துவிடாமல் இருக்கக் கையை ஊன்றினேன். கை கருப்பனின் தொடையில் பட்டது. ஆற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது; நெஞ்சும் ஏறி இறங்கவில்லை. நான் செல்லாயியைப் பார்த்தேன்.

"சத்தம் போடாதீங்க ஐயா," என்றாள் தாழ்ந்த குரலில். "மாத்தளைக்கு அங்கிட்டு நாலந்தாவுல எங்க கொழுந்தனப் போட்டுட்டு வந்தோம். ஒரு கை மண்ணு தள்ளல. திரும்பிப் பாத்தா பக்கத்துல நரி நிக்கிது. ஆத்தத் தாண்டிட்டா மறிக்க ஆளில்ல. இவருக்குக் குழியாவது தோண்டுவாங்க."

சொல்லிக்கொண்டே பொட்டணத்தை மாற்றினாள். நான் சட்டிக்குள் குனிந்து கங்குகளை ஊதினேன். வேறு என்ன செய்ய? அதன் பிறகு பொட்டணங்களைச் சூடேற்றுவது என் வேலையாயிற்று. ஒத்தடம் கொடுப்பது அவள் வேலை.

கட்டுகஸ்தோட்டைத் துறையில் மகாவலி கலங்கிப் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. படகில் ஏற்றுமுன் கங்காணி வண்டிக்குள் கையை நீட்டினார். செல்லாயி பொட்டணத்தை எடுத்துவிட்டு வழிவிட்டாள்.

"சூடு இருக்கோ?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"இருக்கு," என்றார் கங்காணி.

அக்கரையில் ரோட்டைவிட்டு விலகி, மூங்கில் புதர் ஓரத்தில் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கங்காணியைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்வெட்டி கேட்டார். மழையில் மண் இளகியிருந்ததால் நாலு பேர் சீக்கிரமே தோண்டி முடித்தார்கள்.

எங்கள் ஊரில் என்றால் மூச்சு அடங்குமுன்னரே ஒப்பாரி தெரு முழுக்கக் கேட்கும். துக்கத்துக்கு வராத உறவை வருடக்கணக்கில் பேசித் தீர்ப்போம். இங்கே அழுதால் புருஷனை ரோட்டில் போட்டுவிடுவார்கள் என்று ஒருத்தி வாயை இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மண்ணை மூடி முடித்ததும் கங்காணி அவள் பக்கத்தில் குந்தினார்.

"அழுதுரு புள்ள. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நடக்கணும், இருட்டறதுக்குள்ள அடுத்த அம்பலம் போய்ச் சேரணும்."

செல்லாயி நெஞ்சில் கை வைத்து வாயைத் திறந்தாள். கூட்டம் முழுவதும் அவளுக்காகக் காத்து நின்றது. நானாகூடத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவள் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"வர மாட்டேங்குது கங்காணி," என்றாள். "நடங்க, போவோம்."