சித்தப்பாவுக்குத் திரும்பி வந்த சத்தம்

ரஷ்யாக்காரன் ஒரு நாயை ஆகாசத்துக்கு அனுப்பினான் என்றபோது உத்திரமேரூரில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பாவம் வாயில்லா ஜீவன் என்று என் அம்மாகூட உச்சுக்கொட்டினாள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் சித்தப்பா, தான் அனுப்பிய சத்தம் மேலே போய் எதிலோ பட்டுத் திரும்பி வந்தது என்றார். அதை மட்டும் யாரும் நம்பவில்லை. நாய் போகலாம், சத்தம் வரக்கூடாது. ஊர் நியாயம் அப்படி.

சித்தப்பா என் அப்பாவுக்கு ஒரே தம்பி. பட்டாளத்தில் ஒயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். வந்தவர் நிலத்தைப் பார்ப்பார் என்று அப்பா காத்திருக்க, அவர் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய ரேடியோப் பெட்டிகளைப் பிடித்துவந்து நெல் மூட்டை அடுக்கும் அறையில் வைத்தார். லாரி பேட்டரியில் ஓடும். மாடியிலிருந்து தென்னைமரத்துக்கு ஒரு கம்பி போகும். எதிர்வீட்டுக்காரி அதற்குத் 'துணி காயாத கொடி' என்று பெயர் வைத்திருந்தாள். தந்தி ஆபீசில் தட்டுவார்களே, அதேபோல ஒரு கட்டையை இவர் இங்கே தட்டினால் சிலோனிலும் பர்மாவிலும் வேறு வேலையில்லாதவர்கள் பதில் தட்டுவார்கள். வேறு வேலையில்லாதவர்கள் என்பது அப்பாவின் சொல்.

ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா லைசென்ஸில் தனக்குக் கொடுத்த அடையாள எழுத்துகளைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். பதிலில்லை. ஒரு வாய் தண்ணீரைக் குடித்து இறக்குகிற நேரம் போயிருக்கும், தான் தட்டியதே தன் காதில் விழுந்தது என்றார். பட்டாளத்தில் அடிபட்டு அவருக்கு ஆள்காட்டி விரல் சரியாக மடங்காது. அதனால் கடைசி எழுத்தை ஓர் இழுப்பு இழுத்துத்தான் தட்டுவார். வந்த சத்தத்திலும் அந்த இழுப்பு இருந்ததாம். சந்திரனில் பட்டுத் திரும்பினால் இரண்டரை நொடி போதும், இது அதைவிடத் தாமதம், அப்படியானால் எதில் பட்டது? இதை அவர் சலூனில் உட்கார்ந்து, முகத்தில் சோப்பு நுரையோடு, வந்தவர் போனவரையெல்லாம் கேட்டார்.

"உன்ன மாதிரியே தட்டி எவனோ உனக்கு வக்கணை காட்டிக்கினு கீறான்பா" என்று சலூன்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இப்படித் தாமதமாகத் திரும்பும் சத்தத்தை உலகத்தில் வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள், காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று நான் வளர்ந்து பெரியவளான பிறகு எங்கோ படித்தேன். அப்போது அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயம் பார்த்துத்தான் காவாந்தண்டலத்தில் சித்தப்பாவுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்பதை, வந்த நாளிலிருந்து அவர் இரண்டு வேளை சவரம் செய்துகொண்டதை வைத்து அம்மா கண்டுபிடித்தாள். பாக்கி இருந்தது, அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வருவது மட்டும். ஆனால் அவர்கள் கிளம்பும் முன்பே சலூன் பேச்சு பஸ் ஏறி அங்கே போய்விட்டது. ஏறும்போது 'சத்தம் திரும்பி வந்தது' என்றிருந்தது, இறங்கும்போது 'மாப்பிள்ளைக்குக் காதில் சத்தம் கேட்கிறது' என்று ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் ஒன்று வைத்தியர், இல்லையென்றால் வேப்பிலை.

"வெளயாட்டுக்குச் சொன்னேன்னு சொல்டு. ஒரு வார்த்த" என்று அம்மா கெஞ்சினாள்.

"கேட்டுச்சே அண்ணி" என்றார் சித்தப்பா. ஒரு வாரமும் அதே பதில்.

பெண்ணின் அப்பாவும் அவருடைய தங்கையும், அதாவது பெண்ணுக்கு அத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வந்தார்கள். சம்பந்தம் முடிவாகாமல் கை நனைப்பதில்லை என்பது வழக்கம். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா வடையும் பாயசமும் செய்து, இலைகளைத் துடைத்து வைத்துவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் அப்பா மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பிக்கு ஏதோ சத்தம் கேக்குதுன்னு..." என்று இழுத்தார்.

சித்தப்பா அவரைக் கையோடு நெல் அறைக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு, கட்டையைத் தட்டினார். பெண்ணின் அப்பா கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மழ பேயற மாதிரி கீது. வேற ஒண்ணும் இல்லியே" என்று கழற்றினார்.

"எப்பவும் வராதுங்க. அன்னிக்கு வந்துச்சு."

பெரியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அது கிளம்புகிறவர் போடுகிற மாதிரி இருந்தது. அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

அதுவரை மூட்டையில் சாய்ந்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தை வாயைத் திறந்தாள். "ஏன் தம்பி, வெளயாட்டுக்குச் சொன்னேன்னு சொன்னா நாங்க இன்னா சண்டைக்கா வரப்போறோம்? சொல்டுங்களேன்."

"கேட்டத கேக்கலன்னு எப்டிங்க சொல்றது?"

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "எங்க, அத இங்க குடுங்க. இது ஷாக்கு கீக்கு அடிக்குமா?" என்றாள். "இந்தப் பாப்பா ஒரு காதுல வெச்சிக்கினா நான் ஒரு காதுல வெச்சிக்கிறேன். கொழந்தைய கொல்ல மாட்டீங்க இல்ல?"

அந்தப் பாப்பா நான். அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டாள். ஹெட்போனின் இடது குமிழ் அவள் காதில், வலது குமிழ் என் காதில். சித்தப்பா தட்டினார், கடைசி எழுத்தை இழுத்தார், கையை எடுத்துவிட்டார். எனக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரைச்சல்தான்.

"ஐயே, வருதே!" என்றாள் அத்தை.

சித்தப்பா பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"நீங்க தட்டினாப்பலயே கீது தம்பி. எங்கயோ தூரத்துல, கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்பல." அண்ணன் பக்கம் திரும்பினாள். "இன்னாண்ணா நின்னுக்கினு கீற? உனக்குத்தான் காது மந்தமாச்சே. நேரமாவுது, பசிக்குது எனக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் கை என் தொடையில் இருந்தது. அது கிள்ளவில்லை, சும்மா அழுத்திக்கொண்டிருந்தது.

பெரியவர் துண்டை மறுபடி தோளிலிருந்து எடுத்து, கை கழுவப் போகிறவர்போலக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா ஓடினாள். இலை போடுகிற சத்தம் கேட்டது.

பந்தியில் சித்தப்பாவே பரிமாறினார். அத்தை போதும் போதும் என்று இரண்டு கையாலும் இலையை மறைத்தும், விடாமல் இரண்டாவது தடவையும் பாயசம் ஊற்றினார். நான் பின்னாலேயே போய் வேட்டியைப் பிடித்து, "சித்தப்பா, எனக்கு ஒண்ணுமே கேக்கலியே" என்றேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். ஒரு வாரமாக யார் சொல்லியும் ஒரு பொய் சொல்லாதவர். "உனக்கு வலது காதாச்சே கண்ணு" என்றார், வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

இரண்டு குமிழுக்கும் ஒரே கம்பி, ஒன்றில் வருவதுதான் மற்றதிலும் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், சித்தப்பா இல்லாத பகல் வேளைகளில் நெல் அறைக்குப் போவேன். பெட்டியை முடுக்கக்கூடத் தெரியாது. ஹெட்போனின் இடது குமிழை மட்டும் காதில் பொத்திக்கொண்டு, வானம் பேசுவது இந்தப் பக்கத்துக் காதோடுதான் என்று நம்பி, மூட்டைமேல் காத்துக்கொண்டிருப்பேன்.