லேசர் அறையில் நான் சொன்ன எண்கள்

என் கணவர் சிலுவை அடையாளம் போடும்போது இப்போதெல்லாம் கை நெற்றிக்குப் போவதில்லை, நெற்றிதான் கைக்கு வருகிறது. வலது கை நெஞ்சுக்கு மேலே எழாது. தலையைத் தாழ்த்தி விரலில் முட்டிவிட்டு நிமிர்வார். கோயிலில் பார்க்கிறவர்கள் அதைப் பக்தி என்று நினைக்கிறார்கள். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது நான் செய்த வேலை.

அவர் ஒரு பேக்கரியில் பாண் தட்டுகளை வண்டியில் அடுக்குகிறவர். போன மாரியில் ஒரு தட்டைத் தூக்கும்போது தோள்மூட்டில் சுளீரென்றது. குடும்ப வைத்தியரைப் பார்க்க நாள் கிடைக்கவில்லை. அதனால் கார்ட்டியர்வில்லில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருந்த பிசியோ நிலையத்துக்குப் போனோம். இந்த ஊரில் எல்லாம் பிரெஞ்சுதான். அவருக்குப் பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான் வாயில் வரும். நான் பன்னிரண்டு வருஷம் கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தவள். எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்னுடைய இலாகா. ஆகவே வலி அவருடையது, வாய் என்னுடையது என்று ஆனது.

சிகிச்சை செய்த பெண்ணுக்கு எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து வயர் வந்தது, அதன் நுனியில் பேனா போல ஒரு குச்சி. லேசர் என்றாள். மூன்று பேருக்கும் கறுப்புக் கண்ணாடி தந்தாள். அவர் தோளில் நான் காலையில் பூசிவிட்ட தைலத்தைத் துடைத்துவிட்டு விளக்கம் சொன்னாள். இந்த ஒளி தோலுக்குக் கீழே போய் வீக்கத்தையும் வலியையும் குறைக்கப் பார்க்கும். ஆனால் உள்ளே தசைநார் கிழிந்திருந்தால் ஒளியால் அதைத் தைக்க முடியாது. ஐந்தாறு தடவையில் வலி குறையாவிட்டால் ஸ்கான் எடுக்கச் சொல்லி வைத்தியருக்கு எழுதுவேன் என்றாள்.

முதல் பாதியை அவருக்குத் தமிழில் சொன்னேன். மற்றப் பாதியை விழுங்கிவிட்டேன். ஸ்கான் என்று கேட்டாலே இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கிற மனிதர். தேவை வந்தால் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பூச்சியத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டாள். “எட்டு எண்டு சொல்லும்” என்றார். எட்டு என்று சொன்னேன். நான் சொன்ன எண்களில் அது மட்டும்தான் உண்மை.

இரண்டாவது முறை போனபோதும், “எட்டுத்தான். இதென்ன, சூடும் இல்லை, குளிரும் இல்லை. டோர்ச் அடிச்சு ஆருக்கு நோவு மாறினது?” என்று முறைத்தார். அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. முதல் நாள் முழுக்கக் குனிந்தபடி, ஒவ்வொரு ‘பீப்’புக்கும் குச்சியை அரை அங்குலம் நகர்த்தி, கதிரையில்கூட இருக்காமல் பாடுபட்ட பிள்ளை. அவளுடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? உப்பில்லாத கறியை ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு, இன்னொரு கரண்டி போடுங்கோ என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். “ஏழு” என்றேன். “கொஞ்சம் பரவாயில்லையாம், உங்களுக்கு நன்றி சொல்கிறார்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “சுப்பேர்!” என்றாள்.

பிறகு கறுப்புக் கண்ணாடி எனக்கு வசதியாகிவிட்டது. கண் தெரியாதபோது பொய் சுலபமாக வருகிறது. ஆறு என்றேன், அடுத்த கிழமை ஐந்து என்றேன். இடையில் ஒரு நாள் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எட்டிலேயே நின்றார், ஒரு தடவை ஒன்பது என்றார். நான் நான்கு என்று மொழிபெயர்த்தேன். கையை உயர்த்திக் காட்டச் சொன்னால், அவரும் பெண்பிள்ளைக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைச் சரித்து உயர்த்திவிடுவார்.

வீட்டில் அவருடைய சேர்ட்டுக்கு நான்தான் பொத்தான் போட்டேன். தலையும் நான்தான் சீவிவிட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அடுத்த முறை போய் மூன்று என்று சொன்னேன். நான்கிலிருந்து எட்டுக்குத் திரும்பிப் போனால் நான் பொய்க்காரி என்று தெரிந்துவிடும். என் மானத்தைக் காப்பாற்ற அவருடைய தோளைக் கொடுத்தேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி வேலைக்குப் போகலாம் என்று அவள் எழுதித் தந்தாள். மூன்றாம் நாள் பேக்கரியில் தட்டோடு கை விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். தசைநார் முழுதாகக் கிழிந்து மாதக் கணக்காகிவிட்டது என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். கிழிந்த நுனி உள்ளே இழுபட்டுப் போய்விட்டது, தசையும் வற்றிவிட்டது. ஆரம்பத்தில் வந்திருந்தால் தைத்திருக்கலாம், இனித் தைத்தாலும் பிடிக்காது, பயிற்சி செய்து இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். பிறகு பிசியோவிலிருந்து வந்த தாளைப் பார்த்து எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று வாசித்தார். இந்தத் தோளோடு எப்படி வலி குறைந்தது என்று என்னைக் கேட்டார். என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். “இஞ்சாருங்கோ, நான் அந்தப் பிள்ளையிட்ட நம்பரைக் குறைச்சுக் குறைச்சுச் சொன்னனான்.”

“தெரியும்” என்றார்.

“எப்பிடி?” என்றேன்.

“நாள் முழுக்கப் பிரெஞ்சுக்காரங்களோட தட்டு எண்ணுறன். பத்து வரைக்கும் எனக்குத் தெரியாதே? அந்தப் பிள்ளைக்கு முன்னால உம்மை எப்பிடிப் பொய்க்காரி ஆக்கிறது? நோவு நோவுதானே, ரெண்டு நம்பர் குறைச்சுச் சொன்னால் என்ன எண்டு விட்டிட்டன்.”

அவருக்கும் என்னுடைய வியாதிதான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றப் பாதி தொண்டையில் நின்றது. குறையாவிட்டால் ஸ்கானுக்கு எழுதுவேன் என்று முதல் நாளே அவள் சொன்னதைச் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “அதை நீர் எனக்குச் சொல்லேல்லை” என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குச் செபம் சொல்லும்போது, வழக்கம்போல அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையைக் குனிந்து தானே அடையாளம் போட்டார்.

அடுத்த கிழமை பயிற்சிக்காக அதே பிள்ளையிடம் போனோம். ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் கொண்டுபோனேன். வலி எவ்வளவு என்று பழக்கத்தில் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், “யுயிட்” என்றார். எட்டு.

அவள் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினாள். மூன்று, நான்கு, ஐந்து என்று முதல் பக்கம் வரை போனாள். பிறகு என்னிடம், “முந்தியும் எட்டுத்தானா?” என்று கேட்டாள். அன்றைக்கு லேசர் இல்லை. ஒருவருக்கும் கண்ணாடியும் இல்லை.

“ஓம்” என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் கதிரையில் போய் இருந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ரோல்ஸ் பெட்டி என் மடியில் சுடச்சுட இருந்தது.