இடது மூலை

இதை நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. நடந்தது நடந்தபடி, நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அவை பொய் சொல்லா.

படங்களுக்கு வண்ணம் திருத்துவது என் தொழில். ஜன்னலில்லாத அறை, சாம்பல்நிறச் சுவர், எதிரே பெரிய திரை, முதுகுக்குப் பின்னால் விருந்தினருக்கு ஒரு சோஃபா. நடுப்பகலிலும் உள்ளே இருட்டுதான். அன்று என்னிடம் வந்திருந்தது, ஒரு மாதத்துக்கு முன் இறந்துபோன ஒளிப்பதிவாளர் ஒருவரின் கடைசிப் படம். தொழிலில் அவரை இருட்டண்ணன் என்போம். அவர் எடுத்த எந்தக் காட்சியானாலும் இடது மூலை கன்னங்கரேலென்று இருக்கும். விமர்சகர்கள் அந்த மூலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார்கள். மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த மூலையில் வெளிச்சத்தை ஏற்றக் கூடாது. வாக்குக் கொடுத்தேன்.

பிற்பகல் 2.40. தயாரிப்பாளர் போனில் அழைத்தார்.

“செல்போன்ல பாக்குறவனுக்கு ஒரு எழவும் தெரியாதுப்பா. அந்த மூலைய கொஞ்சம் தூக்கி விடு.”

அண்ணன் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன்.

“வெளக்கு வாடகைய மிச்சம் புடிச்சே பேர் வாங்கின மனுஷன். உன்னால முடியலைன்னா சொல்லு, ஆறு மணிக்குள்ள வேற ஆள் செய்வான்.”

வேறு ஆள் செய்தால் படம் முழுவதையும் வெளுத்துவிடுவான். நானே அளவாகச் செய்தால் பாவம் குறையும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

3.05. முதல் காட்சி. நாயகி சாப்பாட்டு மேசையில் தனியாக அமர்ந்திருக்கிறாள். வெளிச்சத்தை ஏற்றும் குமிழைத் திருப்பினேன். கறுப்பு மெல்லச் சாம்பலாயிற்று. சுவர் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

கதைப்படி அந்த வீட்டில் வேறு எவரும் இல்லை.

3.20. அடுத்த காட்சி, ஒரு தெரு. மூலையில் அவளே. அதே ஆடை.

3.31. ஓடும் ரயில் பெட்டி. அவளே... முகம் பாதி திரும்பியிருந்தது.

க்ரீச்.

பின்னால், சோஃபாவின் ஸ்பிரிங். யாராவது உட்கார்ந்தால் மட்டும் வரும் சத்தம்.

திரும்பினேன். யாருமில்லை.

3.34. எல்லாவற்றையும் பழையபடி இருட்டாக்கினேன். மனம் கேட்கவில்லை. மறுபடி ஏற்றிப் பார்த்தேன்.

சுவர் இருந்தது. தெரு இருந்தது. ரயில் பெட்டி இருந்தது.

அவள்... எதிலும் இல்லை.

3.36. திரையை அணைத்தேன். கறுத்த கண்ணாடியில், மேசைவிளக்கின் மங்கிய ஒளியில், என் அறை தெரிந்தது. என் தலை. நாற்காலி. சோஃபா.

இடது மூலையைப் பார்க்கவில்லை. ஓடினேன்.

படத்தை வேறு ஆள் முடித்தார். பத்து நாள் கழித்து, அண்ணனின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். படப்பிடிப்பில் அப்படியொரு நடிகை இருந்தாளா என்று மட்டும் கேட்டேன். அவர் தம் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து விரித்தார். ஒவ்வொரு படத்திலும் இடது மூலை மையால் பூசப்பட்டிருந்தது.

“எங்க படம் புடிச்சாலும் அந்த மூலையில வந்து நிப்பா, தம்பி. வெளிச்சம் பட்டா வெளிய வந்துடுவாள்னு அவர் சொல்வார். முப்பது வருஷம் இருட்டுலயே வெச்சிருந்தார்.”

ஆல்பத்தை மூடினார்.

“ஏத்திட்டீங்களா?”

ஆமென்று தலையசைத்தேன்.

அவர் மெதுவாக எழுந்துவந்து, எனக்கு இடப்பக்கம் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தார்.