ஒரு சிவப்புச் சீட்டும் லோரிக்காரர் ஃபைலும்

அரசாங்கத்தின் மூத்த சட்ட அதிகாரிக்கு ஸ்டெனோவாக இருப்பதென்றால், பாதி நாள் சுருக்கெழுத்து, மீதி நாள் வயிற்றெரிச்சல். எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறிப்போய் அதைத்தான் செய்தேன். யாரோ ஒருத்தர் கையெழுத்துக்காகக் கதவோரம் நின்றே கால் வீங்கியவர்களே, இது உங்களுக்கு.

பேர் வந்தது, கடிதம் வரலை

பழைய துவான், மலாயில் ‘ஐயா’, ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் பேர் படத்தோடு பேப்பரில் வந்தது. வாழ்த்துச் சொல்லி வந்த பழக்கூடைகளைத் திருப்பி அனுப்பியே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ஆனால் நியமனக் கடிதம் மட்டும் வரவில்லை. அவரோ பக்கத்து அறையில் தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, கடிதம் வராமல் புதுப் பதவிக்குரிய ஃபைல் ஒன்றையும் தொடமாட்டேன் என்கிறார்.

எனக்கா பொறுமை? “துவான், படமே வந்தாச்சே!” என்று மலாயில் கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “படத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, செல்வம்.”

பெஞ்சில் லெட்சுமி

எனக்கு அவசரம் வந்ததே லெட்சுமியால்தான். ஜெஞ்சாரோமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். புருஷன் லோரி டிரைவர். போர்ட் கிள்ளானில் ஏற்றிய சீல் வைத்த பெட்டிக்குள் தடைசெய்த பட்டாசு இருந்ததாம். ஜாமீன் இல்லாமல் உள்ளே இருந்தார். வழக்கு நடத்துவதா, ஆளை விடுவதா என்று துவான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா.

“ஐயாவையே வக்கீலா வச்சுக்கலாமா அண்ணே?” என்றாள். “அவர் அரசாங்கத்துக்கு வக்கீல், தங்கச்சி. அரசாங்கத்துக்குத்தான் யோசனை சொல்வார்” என்றேன்.

“அரசாங்கத்துக்கே வக்கீலா? அது என்னாண்ணே தப்பு பண்ணுச்சு?”

டுரியான் மரம்

ஒருவழியாகக் கடிதம் வந்தது, பதவிப் பிரமாணமும் ஆச்சு. அப்பாடா என்று பார்த்தால், மேசையில் ஃபைல் மலை! உச்சியில் ‘செகெரா’ என்று அச்சடித்த சிவப்புச் சீட்டு குத்திய ஃபைல். செகெரா என்றால் அவசரம். அப்படி என்ன அவசரம்? ஓர் இலாகாவின் டுரியான் மரம் இன்னோர் இலாகா வளாகத்தில் பழம் போடுகிறது, பழம் யாருக்கு? துவான் நாலு பக்கம் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு டைப் அடித்தேன். அடியில் லெட்சுமி புருஷன் ஃபைல்.

பதிவறை ஹமீதாவிடம் கத்தினேன். அவள் அசரவில்லை. “சீட்டு குத்துறது அந்தந்த இலாகாத் தலைவர். உள்ளே கிடக்கிறவனுக்கு எந்த இலாகா குத்தும், லா?”

குண்டூசி

டுரியான் ஃபைல் முடிந்து, கழற்றிய சீட்டு ஒரு வாரமாக என் மேசையில் கிடந்தது. அன்றைக்கு லெட்சுமி பெஞ்சில் உட்காரவில்லை, நின்றாள். “அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்கண்ணே” என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டை எடுத்து அவள் புருஷன் ஃபைலில் குத்தி, துவான் முன்னால் வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

அரை மணியில் கூப்பிட்டார். “இதுக்குச் சீட்டு எங்கிருந்து வந்தது?”

“டுரியான் மரத்திலிருந்து, துவான்.”

முறைத்தார். ஃபைலை என் பக்கம் தள்ளினார். சீல் உடைபடவில்லை, உள்ளே இருந்தது டிரைவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை, விடுவிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். சீட்டு கதையையும் பெருமையாகச் சேர்த்துத்தான் சொன்னேன். லெட்சுமி அழுதாள், கும்பிட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: “ஒரு வாரமா அந்தச் சீட்டு உங்க மேசையிலதான் இருந்துச்சாண்ணே?”

சர்வீஸ் முழுக்கத் துவான்களின் பேனாவுக்குக் காத்திருந்தே நொந்துபோனவன் நான், என் குண்டூசிக்கு ஒருத்தி காத்திருந்தாள் என்பது மட்டும் அவள் கேட்கும்வரை உறைக்கவே இல்லை.