ஆழத்தைக் கேட்க மறந்தேன்

மகளை வருஷத்துக்கு ஒரு நாள் என்னிடம் விடுவார்கள். நானும் அவள் அம்மாவும் பிரிந்து ஏழு வருஷமாகிறது. அவர்கள் இருப்பது கோயமுத்தூரில். மே மாதம் அவள் அம்மா விருதுநகரில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்கு வருவாள். அப்போது ஒரு நாள் காலையில் நான் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். போன வருஷம் அந்த ஒரு நாளும் அருப்புக்கோட்டையில் என் அறையிலேயே கழிந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவள் செல்போனைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இந்த வருஷம் அவள் அம்மா போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"அவளுக்கு அங்க போரடிக்குதாம். வரலைங்கிறா. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். பதின்மூன்று வயசு. என்ன பேசுவதென்று தெரியாமல், "ஒனக்கு என்னதாம்மா பிடிக்கும்?" என்றேன். பெற்ற தகப்பன் கேட்கிற கேள்வியா இது? அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறாளாம்.

"அங்க எங்கயாவது நீந்த முடியுமாப்பா?"

"ஏன் முடியாது? அருவிக்கே கூட்டிட்டுப் போறேன். வாரியா?"

"சரிப்பா" என்றாள்.

சொல்லிவிட்டேனே தவிர, எங்கள் பக்கம் ஏது தண்ணீர்? தினமும் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் நான். வழியெல்லாம் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. குண்டாற்றில் மணலும் கருவேலமும்தான். மேற்கே மலைப்பக்கம்தான் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து மேசைக்காரரிடம் குற்றாலத்தைப் பற்றிக் கேட்டேன். "சீசன் ஆரம்பிக்கலையே. பிள்ளைய வெயில்ல காயப்போடவா கூட்டிட்டுப் போறீக?" என்றார். பாபநாசத்தில் தண்ணீர் உண்டு, ஆனால் பஸ்ஸில் போய்வருவதற்கே பகல் முழுக்கச் சரியாகப் போய்விடும். கடைசியில், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் ஒரு சின்ன அருவி இருக்கிறது, அங்கே டீக்கடை வைத்திருப்பவர் வீரசோழன் ஊர்க்காரர், நம்ம பக்கத்து ஆள் என்று சொல்லி அவரே நம்பர் கொடுத்தார். அன்றே போன் போட்டேன்.

"அண்ணே, தண்ணி இருக்கா?"

"இருக்கு சார். தாராளமா வாங்க."

மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். இருக்கு, இருக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீரைப் பற்றிக் கேட்க இந்த ஒரு கேள்விதான் உண்டு. வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும், பெண் கொடுக்கிற வீட்டைப் பார்க்கப் போனாலும் இதைத்தான் கேட்போம். இருக்கு என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கத் தோன்றாது. நல்லெண்ணெய், சீயக்காய், புது சோப்பு, இரண்டு துண்டு எல்லாம் வாங்கினேன். புளியோதரையும் நானே கிளறினேன்.

விருதுநகரில் ஏறிய பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். படிப்பைப் பற்றிக் கேட்டேன். நல்லா போகுது என்றாள். அதோடு என்னிடமிருந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன.

டீக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாறையின் ஓரமாக, இரண்டு பேர் தலையைக் காட்டும் அளவுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் பையைத் திறந்து எண்ணெயை எடுப்பதற்குள் அவள் உடை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நீச்சல் உடை, தலையில் ரப்பர் தொப்பி, நெற்றியில் நீச்சல் கண்ணாடி.

"எங்கப்பா?"

"என்னது எங்க? இந்தா விழுதுல்ல."

"இது குளிக்கிறதுக்குப்பா. நீந்துற எடம்?"

கீழே தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டினேன். அவள் இறங்கி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்து பார்த்தாள். முழங்காலுக்கு மேல் எங்கேயும் நனையவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்ல முடியாமல் டீக்கடைக்குப் போய்க் கடைக்காரர் மேல் பாய்ந்தேன்.

"தண்ணி இருக்குன்னீகளேண்ணே!"

அவர் அருவியைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கே சார். போன மாசம் இதுவும் கெடையாது."

அவர்மேல் என்ன தப்பு? நான் ஆழத்தைக் கேட்கவே இல்லை. அவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அவள் அந்த முழங்கால் தண்ணீரில் குப்புறப் படுத்துக் கையை வீசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் விரல்கள் தரையில் இடித்தன. என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, "ஜில்லுன்னு இருக்குப்பா, சூப்பர்" என்றாள். எழுந்தபோது முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன. அவள் கத்தியிருந்தால், ஏம்ப்பா ஏமாத்துன என்று சண்டை போட்டிருந்தால், எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவளோ அடுத்த வீட்டில் விருந்துக்குப் போன பிள்ளைபோல் எல்லாவற்றையும் நல்லா இருக்கு என்றாள். உப்பு தூக்கலாகிப்போன புளியோதரையைக்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது அவள் பதிலிலிருந்தே தெரிந்தது.

"நீந்தினேம்மா. ரொம்ப நேரம். நல்ல ஆழம்மா, அப்பாதான் பயந்துட்டே நின்னாங்க."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி அடுத்த வருஷமும் வருவாள், அது நிச்சயம். என்னோடு இருக்க ஆசைப்பட்டு வரமாட்டாள். இந்த மனுஷனுக்கு வேறு யாருமில்லை என்று தெரிந்துகொண்டதால் வருவாள். நான் நல்ல தகப்பனாக இருந்திருந்தால், இனிமே கஷ்டப்பட்டு வர வேண்டாம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். விருதுநகர் வரும்வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.