என்டர் தட்டும் முன் ஒரு ‘சரி’

ஜெயசீலன் இறந்துவிட்டார் என்று அவருடைய மைத்துனர் போனில் சொன்னபோது, என் முன்னால் இருந்த கறுப்புத் திரை அவர் உள்ளே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் எங்கள் ஆபீசுக்கு வந்ததும் நான் முதலில் தட்டும் கட்டளை ‘ஹூ’. சர்வர் என்ற எங்கள் பொதுக் கம்ப்யூட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அது வரிசையாகச் சொல்லும். ஜெயசீலன் சாயங்காலம் கிளம்பும்போது மானிட்டரை மட்டும்தான் அணைப்பார். உள்ளே வேலையை ஓடவிட்டுவிட்டுப் போவார். அதனால் காலையில் முதல் பெயர் எப்போதும் அவருடையதாக இருக்கும். அன்றும் இருந்தது.

“அக்கா, மச்சான் போயிட்டாருக்கா.”

“எங்க போயிட்டாரு? இன்னிக்கு மீட்டிங் இருக்கே!” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ரயில் போய், கேட் திறந்து, முன்னால் நின்ற பஸ்ஸும் நகர்ந்துவிட்டது. இவர் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்திருந்தவரை ஒருவர் திட்டிக்கொண்டே வந்து தோளைத் தொட்டிருக்கிறார். மாரடைப்பு. நாற்பத்தைந்து வயதுகூட ஆகாதவர். முந்தின நாள் சாயங்காலம் என் தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போனவர். இதை எழுதும்போதும் யாரோ பொய் சொல்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலருக்கு அவர், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று காலையில் மெசேஜ் அனுப்புகிறவர். மதகுகளில் மாட்டியிருக்கும் கருவிகள் அனுப்பும் அளவை வாங்கி விவசாயிகளின் போனுக்குச் சேர்ப்பதுதான் எங்கள் ஆபீசின் வேலை. எனக்கு அவர் எதிர் மேசைக்காரர்.

நான் அங்கே சேர்ந்தபோது எக்செல் தவிர வேறொன்றும் அறியாதவள். இங்கே கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்றார்கள். திறந்தால் படமில்லை, பட்டனில்லை, மவுசுக்கு வேலையே இல்லை. கறுப்பில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்ன சீலன் இது, கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருக்கு?”

“உள்ள தண்ணி இருக்குக்கா. வாளிய எறக்கணும், அவ்ளோதான்.”

ஒவ்வொரு வாளியாகக் கொடுத்தார். என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று காட்ட ‘எல்எஸ்’. இடம் மாற ‘சிடி’. தேட ‘கிரெப்’. எல்லாவற்றுக்கும் முன்னால், நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கேட்கும் ‘பிடபிள்யூடி’. அந்த எழுத்துகளைக் கேட்டால் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு ஆற்றில் தண்ணீர் திறக்கிற பொதுப்பணித் துறை ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். அவருக்கு அதில் ஒரு சிரிப்பு. “நிக்கிற எடம் தெரியாம மடையைத் தொறக்கக் கூடாதுக்கா” என்பார். எங்கே இருக்கிறேன் என்று கேட்காமல் நான் எதையாவது தட்டிவிட்டால் அந்த வாக்கியம் மறுபடியும் வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குள் விடும் ‘பைப்’ மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு மத்தியானம் குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். “ஒங்க மெசேஜ்ல தண்ணி ஓடுது. என் வாய்க்கால்ல நண்டுதாங்க ஓடுது.” ஜெயசீலன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே வரியில் எழுதினார். முதலில் எல்லா அளவுகளும், அதிலிருந்து அந்த மதகு மட்டும், அதிலிருந்து கடைசிச் சில வரிகள். “ஆறு, வாய்க்கால், வயல். புரிஞ்சிதா?” கருவி பழுதாகி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. போனை எடுத்து, “நண்டு சொல்றதுதாங்க சரி. கருவிய மாத்த ஆள் அனுப்புறேன்” என்றார். அதே குத்தாலம் பக்கம் அம்மா நாற்று நட்டுப் படிக்கவைத்த பிள்ளை ஜெயசீலன். தண்ணீர் வராத வாய்க்கால் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு குறுவையின்போது அவரே ஒரு தப்புச் செய்தார். பழைய கோப்புகளை ஓரிடத்தில் அழித்துவிட்டு வேறிடத்துக்குப் போனவர், முந்தைய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும் மேல் அம்புக் குறியைப் பேச்சுவாக்கில் தட்டி, என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் என்டரையும் தட்டிவிட்டார். வந்தது கோப்புகளை அழிக்கும் அதே ‘ஆர்எம்’. அன்றைய அளவுகள் அத்தனையும் போயின. அந்தத் திரையில் குப்பைத் தொட்டியெல்லாம் கிடையாது, போனது போனதுதான். சர்வர் கோளாறு என்று மேனேஜர் சொல்லப் பார்த்தார். ஜெயசீலன் விடவில்லை. “கம்ப்யூட்டர் சொன்னதைச் செஞ்சிது சார். நாந்தான் பாக்காம சொன்னேன்.” வண்டியை எடுத்துக்கொண்டு மதகு மதகாகப் போய் அளவு பார்த்துவிட்டு, கால்சட்டையெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு வழக்கம் வந்தது. எதையாவது அழிக்கவோ நிறுத்தவோ வேண்டுமென்றால், தட்டியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் கேட்டு ‘சரி’ என்ற பிறகுதான் என்டர். ஆபீசில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஐயர் மந்திரம் சொல்கிறார், மாப்பிள்ளை திருப்பிச் சொல்கிறார் என்றார்கள். இருவரும் அசையவில்லை. ஒருமுறை அவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடகடவென்று படித்தார். நான் ‘சரி’ சொல்லவில்லை.

“எங்க நிக்கிறீங்க சீலன்?”

பார்த்தார். சோதனை சர்வர் என்று நினைத்து நிஜ சர்வரில் நின்றிருந்தார். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த நாள் திருவையாற்று அசோகா அல்வா ஒரு டப்பா என் மேசையில் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மேனேஜர் என்னிடம், “அவர் அக்கவுண்ட்ட எடுத்துடுங்கம்மா. உள்ளயே இருக்குது, பாதுகாப்பு இல்ல” என்றார். நியாயமான பேச்சுதான். இருந்தும் அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. காலை மெசேஜ் அனுப்பும் வேலை ஜெயசீலனின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பொதுப் பெயருக்கு மாற்றி, மறுநாள் எல்லோருக்கும் மெசேஜ் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, அவருடைய கணக்கை நீக்கும் வரியைத் தட்டினேன். வழக்கப்படி வாய்விட்டுப் படித்தேன். எதிர் நாற்காலி காலி. என்டரின் மேல் இருந்த விரல் இறங்க மறுத்தது.

அவருடைய மனைவி சுதா அன்று அவருடைய சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார். டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“என்னக்கா படிக்கிறீங்க?”

சொன்னேன். இதைத் தட்டினால் அவர் பெயர் இதில் இருக்காது, அதற்கு முன் ஒருவர் ‘சரி’ சொல்ல வேண்டும், அப்படித்தான் நாங்கள் பழகியிருக்கிறோம் என்றேன்.

“வீட்லயும் அப்படித்தான்க்கா. மோட்டார நிறுத்தணும்னாக்கூட, ‘நிறுத்தப் போறேன், சரியா?’ன்னு சத்தம் போட்டுக் கேப்பாரு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் சுவிட்சத் தொட மாட்டாரு.” பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் நின்றுவிட்டது. “இதுக்கு மட்டும் யாரையுமே கேக்காமப் போயிட்டாரேக்கா!”

இருவரும் அழுதோம். ஆபீசே எழுந்து நின்றது. பிறகு சுதா ஜெயசீலனின் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தரம் படிங்க” என்றார். படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் தனக்குப் புரிவது போலக் கேட்டார்.

“சரி.”

என்டர் தட்டினேன். ‘ஹூ’ கேட்டேன். என் பெயர் மட்டும் வந்தது.

ஜெயசீலனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வழக்கம்தான். இப்போதும் எதை அழிப்பதானாலும் எங்கே நிற்கிறேன் என்று பார்த்து, வாய்விட்டுப் படித்து, எதிர் மேசையை நிமிர்ந்து பார்க்கிறேன். அங்கே வேறொருவர் வந்துவிட்டார். அவர் ‘சரி’ சொல்கிறார். ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன் வருகிற அந்த ஒரு நொடியில், நான் காத்துக்கொண்டிருப்பது இந்தப் புதியவருடைய குரலுக்காக இல்லை.