மேஜருக்கு மட்டும் ‘ங்க’

“சாப்பிட்டீங்களா? காலக் கொடுங்க, அமுக்கி விடறேன்.”

பொழுது சாயும்போதெல்லாம் மருதமுத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து இந்தக் குரல் கிளம்பும். காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் ஆயுதக்காரர்களைப் பற்றிய பயம் முழுசாகத் தெளியாத காலம். காட்டிலிருந்து வந்த பெரிய தலை யாரோ அங்கே ஒளிந்திருப்பதாக மலாக்காவின் காஜா பெராங் வட்டாரம் முழுக்கப் புகைந்தது. சரிபார்க்கப் போன பக்கத்து வீட்டு நல்லையா பலகைச் சந்தில் கண்ணை வைத்தார். பெரிய தலைதான்; நீளமாகவும் இருந்தது. பிடரியில் மயிர் வேறு.

நல்லையா சிரித்துக்கொண்டே திரும்பினார். சிரிக்காதவள் மருதமுத்துவின் மனைவி பூங்காவனம் ஒருத்திதான்.

மருதமுத்து கித்தா என்னும் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்காரராக இருந்தவர். துரையின் குதிரையை ‘வா, போ’ என்றால் துரையையே சொன்ன குற்றம் வருமோ என்று பயந்து ‘ங்க’ போட்டுப் பழகினார். துரைக்குத் தமிழே தெரியாது என்பது வேறு விஷயம். மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்ததும் துரை கப்பலேறினார். மேஜர் என்ற அந்தக் குதிரை மருதமுத்துவிடம் தங்கியது. ‘ங்க’வும் கூடவே தங்கிவிட்டது.

துரையைக் காணாமல் மேஜர் கொள்ளைத் தொடவில்லை. கிட்டப் போனால் கடித்தது. மருதமுத்து மர ஆலை வேலை முடிந்து வந்து, மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அருகே சும்மா உட்கார்ந்தார். ஞாயிறுதோறும் கயிறில்லாமல் தெங்கேரா கடலோரம்வரை இருவரும் உலாப் போனார்கள். “வேல வாங்குனா மொதலாளின்னு நெனப்பாங்க. சும்மா ஒக்காந்தாத்தான் நம்மாளுன்னு வருவாங்க” என்பார். இப்போது அவர் செருமினாலே மேஜரின் காது திரும்புகிறது.

பூங்காவனத்தின் காதும்தான். அவள் கூந்தலுக்கு வாங்கிய தேங்காய் எண்ணெய் மேஜரின் பிடரியில் பளபளக்கிறது. அவள் புருஷனுக்குக் கொடுக்கும் ‘ங்க’வெல்லாம் அவர் வழியாகக் குதிரைக்குப் போய்ச் சேர்கிறது.

ஒரு மழை நாள் மாலை. “சளி புடிச்சிருக்கா? கஞ்சி குடிக்கிறீங்களா?” என்று கொட்டகையில் கேட்டதுதான் தாமதம், பூங்காவனம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

“நானுந்தான் நாலு நாளா இருமுறேன். என்னன்னு கேட்டீங்களா?”

“அவரு வாயில்லாத சீவன், புள்ள.”

“எனக்கு வாய் இருக்குறது குத்தமா? என்னையும் ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேளுங்க. ஒரே ஒரு தடவ.”

“பொண்டாட்டிக்கு ‘ங்க’ போட்டா ஊரே சிரிக்கும்லா!”

“குதிரைக்குப் போட்டதுக்கே சிரிச்சாச்சு.”

“சரி, கேக்கறேன்.”

“எப்ப?”

“கேக்கறேன்லா!”

மேஜர் இடையில் புகுந்து அவள் தோளில் மூக்கை வைத்தது. வெதுவெதுவென்று மூச்சு.

“தள்ளிப் போங்க!” என்று சீறியவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருதமுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

விளக்கேற்றியதும் தட்டின் முன் வந்து உட்கார்ந்தார்.

“பசிக்குது” என்றார்.

பூங்காவனம் சோற்றுப்பானை மூடியின்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தாள்.